அரைத் திருகு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாங்கிளாஸை இரண்டு தடவை படித்தவன் நான். மூன்றாவது தடவை வாத்தியாருக்கே அலுத்துப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த எழுத்து வேலை பம்ப் ஹவுஸ் நோட்டில் தண்ணீர் திறந்த நேரமும் மூடிய நேரமும் குறிப்பதுதான். அதையும் பாதி நாள் முந்தின பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

போன வாரம் எங்கள் நகராட்சி ஒரு சிறப்பு மலர் போட்டது. எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. வழவழவென்ற தாள், நடுப்பக்கத்தில் ஒரு படம். குழாயடியில் ஒரு அம்மாள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார். பக்கத்தில் மாலையோடு அப்போதைய சேர்மன் சிரிக்கிறார். கீழே எழுதியிருக்கிறது: ‘சமூக நல்லிணக்கத்துக்கு நமது நகராட்சி ஆற்றிய அரும்பணி. பொதுக் குழாயில் நீர் பருகும் ஹரிஜனப் பெண்மணி ஒருவர்.’ சேர்மன் பெயர் இருக்கிறது, கவுன்சிலர்கள் பெயர் இருக்கிறது, போட்டோ எடுத்த ஸ்டூடியோவின் பெயர்கூட இருக்கிறது. அந்த அம்மாள் மட்டும் ‘ஒருவர்’.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைப் பார்த்தாலும் சிரிப்பு வருகிற ஆள் நான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நானும் அவர் பெயரை எழுதப் போவதில்லை; அவருடைய தங்கை மகன் இன்னும் அதே நகராட்சியில் தெருப் பெருக்குகிறான். அக்கா என்றே சொல்கிறேன். நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

அக்கா துப்புரவு வேலைக்காரர். நல்ல உயரம், நடையில் ஒரு வேகம். வில்லை என்று ஒரு பித்தளை வட்டம் எல்லாருக்கும் நம்பர் போட்டுக் கொடுத்திருப்பார்கள். மற்றவர்களுடையது பச்சை பிடித்துக் கிடக்கும். அக்காவுடையது சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். “என்னக்கா, கமிஷனரம்மா மாதிரி மின்னுறீங்க” என்பேன். “கமிஷனருக்கு வில்லை கிடையாது தம்பி. தொலைஞ்சா அவரைத் தேடுறதுக்கு நெறைய பேரு இருக்காங்க” என்பார். ஊரே கேட்கும் குரல். மேஸ்திரியைத் திட்டும்போது அதே குரல் கீழே இறங்கிவிடும். அதுதான் பயமாக இருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம். யாராவது அவரிடம் வந்து நல்லபடியாகப் பேசினால், அதாவது ‘நாமெல்லாம் ஒண்ணும்மா, காலம் மாறிப்போச்சும்மா’ என்று ஆரம்பித்தால், முழுக்கக் கேட்டுக்கொள்வார். பேசி முடித்ததும் மெதுவாகச் சொல்வார்: “தாகமா இருக்குங்க. கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களா?”

அவ்வளவுதான் பரீட்சை. கேள்வி ஒன்று, மார்க்கு முழுசும் அதற்கே.

“உலகத்துல மூணே ஜாதிதான் தம்பி” என்று எனக்கு ஒரு நாள் விளக்கினார். “கையை ஏந்தச் சொல்லி மேல இருந்து ஊத்துறவன் ஒண்ணு. டம்ளரைத் தரையில வச்சிட்டு ரெண்டு அடி நகர்ந்துக்கிறவன் ஒண்ணு. கையில குடுக்கிறவன் ஒண்ணு. மூணாவது ஜாதியில ஆளு ரொம்பக் கம்மி. கல்யாணம் காச்சிக்கு வரன் கெடைக்கிறது கஷ்டம்.”

மூன்றாவது ஜாதி என்று அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டரை. மணப்பாறைப் பக்கத்து ஆள். வந்த மூன்றாம் நாளே தன் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்தாராம். ஆறு மாதத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். “நல்லவங்களுக்கு ரயில் டிக்கெட்டு சீக்கிரம் எடுத்துருவாங்க” என்பார் அக்கா.

என்னையும் பரீட்சை வைத்தார். அப்போதுதான் நான் வால்வு திறக்கிற வேலைக்கு டெம்பரரியாகச் சேர்ந்திருந்தேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. தெருவில் இருக்கிற இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். பல்லக்குத் தூக்குகிறவன் மாதிரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவேன். ஒரு நாள் காலை அக்கா பெருக்கிக்கொண்டே வந்து, “தம்பி, தாகமா இருக்கு” என்றார். எனக்குத்தான் விஷயம் தெரியுமே. என் கூஜாவிலிருந்து டம்ளரில் ஊற்றி, குனிந்து, ராஜாவுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன். “கமிஷனரம்மாவுக்கு இல்லாத தண்ணியா” என்றேன். வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் பேசிக்கொண்டே டம்ளரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவினேன்.

அக்கா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்தார். “நாலாவதா ஒரு ஜாதி இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

“என்னக்கா?”

“கையில குடுத்துட்டு ரெண்டு தடவை கழுவுறவன்.”

“யாரு குடிச்சாலும் கழுவுவேன்க்கா. சுத்தம்.”

“நேத்து மேஸ்திரி குடிச்சாரே. நான் அந்த மொனையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவருக்குக் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் தப்பைச் சுழித்துக் காட்டுகிற மாதிரிக் காட்டிவிட்டு, பெருக்கிக்கொண்டு போய்விட்டார். என் கை எனக்குத் தெரியாமல் செய்த காரியம் அது. எட்டாங்கிளாஸில் இரண்டு தடவை உட்கார்ந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

நகராட்சி வருஷத்துக்கு ஒரு தடவை சமபந்தி போஜனம் வைக்கும். எல்லா ஜாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு வருஷம் பந்தல், வாழைமரம், மைக் எல்லாம் பிரமாதம். துப்புரவுக்காரர்கள் குடியிருக்கும் முனிசிபல் லைனிலிருந்து எல்லாரும் குளித்து, நல்ல துணி உடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். பெரிய மனிதர்களும் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று, பாயசம் ஊற்றியாயிற்று. எதிரே பெரிய மனிதர்கள் இலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஒவ்வொருவராகக் கும்பிட்டு, “இன்னிக்கு ஏகாதசி, நமக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது, நீங்க சாப்பிடுங்கோ” என்றார்கள். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்காத ஊர் இது. தேதி குறித்த கமிட்டியில் ஒருத்தருக்குமா ஏகாதசி தெரியாமல் போயிற்று?

அக்கா சாதத்தைப் பிசைந்துகொண்டே பக்கத்து இலைக்காரர் காதில் சொல்வது போல எல்லார் காதுக்கும் சொன்னார்: “அடுத்த சாப்பாடு எந்த ஏகாதசிக்கு வச்சிருக்காங்கன்னு கேட்டு வச்சுக்க.”

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

லைனுக்கும் மேல்ஜாதிக்காரர்கள் இருக்கும் மேட்டுத் தெருவுக்கும் நடுவில் ஒரு தெருக்குழாய் இருந்தது. சட்டப்படி அது எல்லாருக்கும் பொது. நடப்பில் வேறு மாதிரி. லைன் பெண்கள் குடத்தைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு நிற்பார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் யாராவது மனசு வந்து, தங்கள் குடத்திலிருந்து மேலே தூக்கி அதில் ஊற்றினால் உண்டு. ஊரின் கக்கூஸ், சாக்கடை, சந்து எல்லாவற்றையும் கழுவி விடுகிறவர்கள், ஒரு குடம் தண்ணீருக்கு ‘ஒரு கை ஊத்துங்கம்மா’ என்று நிற்க வேண்டும். நானே தினமும் வால்வைத் திறந்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு பீடி குடித்திருக்கிறேன். எனக்கு அது மரம் மாதிரி, விளக்குக் கம்பம் மாதிரி, தெருவில் இருக்கிற ஒரு பொருளாகத்தான் தெரிந்தது.

ஒரு கோடையில், காவிரி வெறும் மணலாகக் கிடந்தபோது, அக்கா நேரே போய்க் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தார். குடம் உடைந்தது. பின்னாலேயே லைன் பெண்கள் நான்கு பேர் வைத்தார்கள். அந்தக் குடங்களும் உடைந்தன. அக்கா நெற்றியில் இரண்டு தையல். தெருவில் போலீஸ் வந்து நின்றது.

அப்போதுதான் நகராட்சி நல்லிணக்கக் கமிட்டி என்று ஒன்று போட்டது. சேர்மன், மூன்று கவுன்சிலர்கள், ஓவர்சியர். லைன் சார்பில் அக்காவைக் கூப்பிட்டார்கள். குழாய் சம்பந்தப்பட்டது என்பதால் சாவியோடு என்னையும், குழாய் வேலை காண்டிராக்ட் எடுக்கிற என் சிநேகிதன் ஜமாலையும் வரச் சொன்னார்கள். ஜமாலுக்குப் பாலக்கரையில் குழாய் சாமான் கடை. குறைவாகப் பேசுவான், பேசினால் நறுக்கென்று இருக்கும்.

சேர்மன் கதர் ஜிப்பா போட்ட மனுஷர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அரை மணி நேரம் அண்ணன் தம்பி, ஒரு தாய் மக்கள் என்று பேசினார். நெற்றியில் கட்டோடு அக்கா எல்லாம் கேட்டார். நான் ஜமாலை முழங்கையால் இடித்தேன். வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

“ரொம்ப சந்தோஷங்க. தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?”

மேஜை மேலேயே வெள்ளிக் கூஜாவும் டம்ளரும் இருந்தன. அட்டெண்டர் கூஜாவைப் பார்த்தார், பிறகு சேர்மனைப் பார்த்தார். சேர்மன் கூரையைப் பார்த்தார். பிறகு ஏதோ பிரமாதமான யோசனை வந்தவர் போல, “தண்ணி எதுக்கு? கமிட்டிக்கு வந்தவங்களுக்குக் கலர் சோடா வாங்கிட்டு வாப்பா. எல்லாருக்கும்” என்றார்.

எல்லாருக்கும் ஒரு கலர் பாட்டில் வந்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் என்றால் டம்ளர் பிரச்சினையே இல்லை பாருங்கள். கவுன்சிலர்கள் நிம்மதியாக உறிஞ்சினார்கள். நல்லிணக்கத்தைப் பாட்டிலில் அடைத்து மூடி போட்டு விற்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கமிட்டி கூடுகிற போதெல்லாம் கலர்தான்.

அக்கா பாட்டிலைத் தொடவில்லை. “எனக்கு இனிப்பு ஆகாதுங்க. தண்ணிதான் கேட்டேன்” என்றார். யார் காதிலும் விழவில்லை.

கமிட்டி எடுத்த முடிவு இது: பழைய குழாயை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சிமெண்டுத் தூண் ஒன்று கட்டி, மேட்டுத் தெருப் பக்கம் ஒரு வாய், லைன் பக்கம் ஒரு வாய்.

“எந்த வாய் யாருக்குங்க?” என்று அக்கா கேட்டார்.

“யாரும் எதுலயும் புடிக்கலாம்மா. எல்லாம் பொது.”

“அப்ப எதுக்குங்க ரெண்டு?”

“கூட்டம் குறையும்ல” என்றார் ஒரு கவுன்சிலர், அவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்.

ஜமால்தான் குழாய் போட்டான். லைன் பக்கத்துக் கிளைக்கு மட்டும் தனியாக ஒரு வால்வு வைக்கச் சொன்னார் ஓவர்சியர். “எதுக்கு சார்?” என்று கேட்டிருக்கிறான். “ரிப்பேர் வந்தா வசதி.” “ரிப்பேர் அந்தப் பக்கம் மட்டும்தான் வருமா சார்?” ஓவர்சியர் கையிலிருந்த பிளான் படத்தைத் தட்டிக் காட்டினாராம். படத்தில் போட்டபடி போட்டுவிட்டான்.

திறப்பு விழா காலையில். அக்காவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படம் எடுக்க ஏற்பாடு. அவர் லைன் பக்கம் நின்றார். போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே எடுத்து, “இந்தப் பக்கம் வெளிச்சமே இல்லைங்க. முகம் தெரியாது. அம்மாவை அந்தப் பக்கம் வரச் சொல்லுங்க” என்றார். வெயில் அடித்தது மேட்டுத் தெருப் பக்கம். சேர்மனே கையைக் காட்டி, “வாம்மா, இப்படி வா” என்று கூப்பிட்டார். அக்கா அந்தப் பக்கம் போய்க் குனிந்து, வயிறு நிறையக் குடித்தார். மலரில் வந்தது அந்தப் படம்தான்.

மறுநாள் விடியக் காலை நான் வால்வு திறக்கப் போனபோது மேட்டுத் தெருப் பக்கத்துக் குழாய் பளபளவென்று மின்னியது. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். “என்னங்க, குழாய்க்கு வளைகாப்பா?” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழாயைச் சுற்றி நான்கு தடியர்கள் நின்றார்கள். அன்றிலிருந்து தினமும் நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். “மேட்டுத் தெருவுக்குப் பிரஷர் பத்தலையாம். லைன் வால்வை அரைத் திருகு மட்டும் திற.”

“எத்தனை நாளைக்கு சார்?”

“சொல்றவரைக்கும். பெர்மனென்ட் லிஸ்ட்டுல உன் பேரு இருக்குல்ல? அடுத்த மாசம் கையெழுத்தாகுது.”

தாளில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்தான். நான் அரைத் திருகு திறந்தேன்.

அரைத் திருகு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் நிற்காது; நின்றால் புகார் எழுதலாம். வரும். சுண்டுவிரல் தடிமனுக்கு, அழுவது போல வரும். ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் நேரம். அத்தனை குடும்பத்துக்கும் அது போதாது. பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் குடத்தோடு நிற்பார்கள், பாதிப் பேருக்கு முறை வருவதற்குள் நான் மூடிவிடுவேன். மிச்சப் பேர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போவார்கள். பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். தூணின் அந்தப் பக்கம் குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடும்.

இதற்குப் பெயர் நல்லிணக்கம். யாரையும் யாரும் அடிக்கவில்லை, ஒரு குடம் உடையவில்லை. போலீஸ்கூடத் திரும்பிப் போய்விட்டது. ஒரு இரும்பு மூடிக்குக் கீழே, என் கை திருகைக் குறைத்தது. ஊர் அமைதியாகிவிட்டது.

அக்கா ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான் சாவியைத் திருகும்போது பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

“அந்த மூடிக்கு மூணு சுத்து சுத்துற. இந்த மூடிக்குச் சுத்தே காணோம். கை வலியா தம்பி?”

“ஆத்துலயே தண்ணி இல்லக்கா.”

“ஆறு ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானே.”

சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன். ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் கமிட்டி மறுபடி கூடியது, நல்லிணக்கம் எப்படி நடக்கிறது என்று பார்க்க. கலர் வந்தது. மேட்டுத் தெருப் பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சண்டை சச்சரவு இல்லை என்று சொல்லிக் கும்பிட்டார். சேர்மன் அக்காவைப் பார்த்து, “உங்க பக்கம் எப்படிம்மா?” என்றார்.

அக்கா எழுந்து நின்றார். குரல் கீழே இறங்கியிருந்தது. “எங்க பக்கத்து வால்வை அரைத் திருகுதான் தெறக்கிறாங்கய்யா. புள்ளைங்க பள்ளிக்கூடம் போகாம குடத்தோட நிக்குதுங்க.”

“அப்படி ஒண்ணும் இல்லைங்க” என்றார் ஓவர்சியர். “அந்தப் பக்கம் தாழ்வா இருக்கு. பிரஷர் அப்படித்தான் இருக்கும்.” தாழ்வான பக்கத்துக்குத்தான் தண்ணீர் வேகமாகப் போகும் என்பது ஓவர்சியருக்குத் தெரியாதா? எனக்கே தெரியும்.

“ஏம்மா, முனிசிபாலிட்டி மேல சும்மா புகார் சொல்லக் கூடாது. நீயே முனிசிபாலிட்டி வேலைக்காரி” என்றார் தூங்குகிற கவுன்சிலர்.

“நான் சொல்றது பொய்யின்னா சாவி வச்சிருக்கிற தம்பியைக் கேளுங்க. அதோ நிக்குது. அது கையிலதானே இருக்கு.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓவர்சியர் மட்டும் பார்க்கவில்லை; பாட்டில் மூடியை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். ஜமால் என் பக்கத்தில்தான் நின்றான்.

“சொல்லுப்பா” என்றார் சேர்மன். “அரைத் திருகா?”

“இல்லைங்க. ரெண்டும் முழுசாத்தான் தெறக்கிறேன்.”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அறை ரொம்ப அமைதியாக இருந்தது. அமைதி எனக்கு ஆகாது. “அக்கா கண்ணு பட்டதும் தண்ணிக்கு வெக்கம் வந்துடுது போலருக்குங்க” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சேர்மன் சிரித்தார், கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், அட்டெண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மனிதர்கள் என் பேச்சுக்குச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். அக்கா சிரிப்பு அடங்குகிற வரை நின்றார்.

“புள்ளைங்க நிக்குதுங்க தம்பி” என்றார். என்னிடம் மட்டும் சொன்னார். அப்புறம் கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

‘புகார் ஆதாரமற்றது, இரு தரப்பும் ஒற்றுமையாக வாழ்ந்து வருகின்றனர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரமே அக்காவைத் தெருப் பெருக்குகிற வேலையிலிருந்து எடுத்து, ஊரின் மறு கோடியில் கக்கூஸ் கூடை சுமக்கப் போட்டார்கள். பொய்ப் புகாருக்குத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நிர்வாக வசதி என்றார்கள். அந்த மாதமே என் பெயர் பெர்மனென்ட் ஆயிற்று. நானும் நிர்வாக வசதிதான்.

ஒரு நாள் எதிரே வந்தார். தலையில் கூடை. நான் சாவியை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். வெயில் கொளுத்தியது. கூஜா என் கையில் இருந்தது. எனக்கு அன்றைக்கு ஆசையாக இருந்தது, அவர் கேட்க மாட்டாரா என்று. கேட்டால் கையில் கொடுத்து, வாங்கி, கழுவாமல் அதே டம்ளரில் நானும் குடிப்பது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

“அக்கா, வெயிலா இருக்கே, தண்ணி…”

“எனக்குத் தாகம் இல்ல தம்பி” என்றார். குரலில் கோபம் இல்லை. மேஸ்திரியைத் திட்டும் குரல் இல்லை, கிண்டல் குரலும் இல்லை. முன்பின் தெரியாத ஆளுக்கு வழி சொல்கிற குரல். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தண்ணீர் கேட்கவேயில்லை.

ஜமாலும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான், ஆனால் இதைப் பற்றி மட்டும் இல்லை.

அக்கா இன்னும் அந்த லைனில்தான் இருக்கிறார். கூடை சுமந்து இடுப்பு போய், வேலையை விட்டுவிட்டார். நான் பம்ப் ஹவுஸுக்கு மாறிவிட்டேன். சாவி இப்போது வேறு ஒருவனிடம். சைக்கிளில் போகிறபோது தூணைப் பார்ப்பேன். லைன் பக்கம் இன்றைக்கும் சுண்டுவிரல் தடிமன்தான். முழுசாகத் திறக்கும்படி யாரும் சொல்லாததால் அப்படியே நடக்கிறது. அன்றைக்கு நின்ற பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது அவர்களுடைய தம்பி தங்கைகள் நிற்கிறார்கள். அந்த அழகில் மலர் போடுகிறார்கள், அரும்பணியாம்.

எழுதி முடித்ததும் பாலக்கரைக்குப் போய், ஜமால் கடையில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். குழாயில் திருகு மரை வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அன்னிக்கு ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்காதுடா” என்றான்.